ஆறும் ஏழும்: ஓர் ஆங்கில மரபுத்தொடரின் பொருள் வரலாறு

ஒரு மொழியின் தனிச்சொற்களுக்கு அகராதி கொண்டு பொருள் காண்டல் அரிதன்று. அச்சொற்களுள் இரண்டோ மூன்றோ கூடித் தத்தமக்குரிய பொருளை விட்டு, முற்றும் வேறாகிய ஒரு பொருளை உணர்த்தும்போதே கற்பார்க்கு இடர்ப்பாடு தோன்றுகிறது. அத்தகைய தொடர்களை மரபுத்தொடர் என்கிறோம். ஆங்கிலத்தில் 'அட் சிக்சஸ் அண்ட் செவன்ஸ்' என்றொரு மரபுத்தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் நேர்வைத்தால் 'ஆறுகளிலும் ஏழுகளிலும்' என்றாகும். அதனைப் படிக்கும் தமிழர்க்கு முதலில் நினைவில் எழுவன காவிரியும் வையையுமே. ஆங்கிலேயர் அத்தொடரால் உணர்த்துவதோ குழப்பம். எண்கள் இரண்டு குழப்பத்தைக் குறிக்க நேர்ந்தது எங்ஙனம், எந்த வழியால் என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியவை மாணவர் மொழிபெயர்ப்புகள் இரண்டு. வீட்டுத்தலைவி ஊர் சென்றிருந்தமையால் இல்லம் ஒழுங்கின்றிக் கிடந்தது என்னும் பொருள்பட அமைந்த ஆங்கில வாக்கியம் ஒன்றை, 'வீடு ஆறேழாகக் கிடந்தது' என ஒருவர் பெயர்த்திருந்தார். வகுப்பிலிருந்தோர் அனைவரும் நகைத்தனர். வேறொருவர் ஆங்கிலப் பெரும்புலவர் சாசரின் காப்பியப் பகுதி ஒன்றைப் பெயர்க்குங்கால், இத்தொடருக்கு அகராதியிற் கண்ட பொருளைக் கொண்டு, 'உலகைக் குழப்பத்தில் ஆழ்த்துவாயாக' என எழுதினார். அதனைக் கேட்டு ஒருவரும் நகைக்கவில்லை. பிழையென்று எவர்க்கும் தோன்றவுமில்லை. எம் கருத்தில் இவ்விரண்டனுள் பெரும்பிழை பின்னதே. முன்னது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. பின்னது சரியான பொருளின் உருவில் வந்து நிற்கிறது. 'நாற்றம்' என்னும் சொல்லுக்கு இற்றைப் பொருளைக் கொண்டு சங்கப் பாட்டுக்கு உரை காண்பார் எவரும் இலர். அச்சொல்லில் நாம் விழிப்பாக இருக்கிறோம். தொடர்களில் அவ்விழிப்பு நமக்கு எளிதில் வருவதில்லை.

முதற்கண் இக்கால வழக்கைக் காண்போம். இத்தொடர் பெரும்பாலும் பயனிலையாகவே வரும். ஒரு வீடு, ஓர் அலுவலகம், ஓர் அமைச்சு, ஒரு கணக்கு ஆகிய எதுவும் 'ஆறுகளிலும் ஏழுகளிலும்' இருத்தல் கூடும். அப்போது அது சீர்குலைந்து கிடத்தலைக் குறிக்கும். மக்களுள் ஒருவர் தம்மைப் பற்றியே அங்ஙனம் கூறிக்கொள்வாராயின், தாம் செய்வது இன்னதென்று தெளியாது திகைத்து நிற்றலைக் குறிக்கும். 'உடன்' என்னும் பொருளுடைய முன்னிடைச்சொல் அதன்பின் வந்து மற்றொருவரையோ ஒரு பொருளையோ சுட்டுமாயின், அவரோடு அல்லது அதனோடு பொருந்தாது முரணி நிற்றல் என்னும் பொருள் கிடைக்கும். இங்ஙனம் பொருளின் குலைவு, மனத்தின் திகைப்பு, இருவரிடை முரண் என மூன்று நிலைகள் உள. இவற்றுள் முதலாவதே பெருவழக்கு. அமெரிக்காவினும் பிரித்தானியாவிலேயே இத்தொடர் மிகுதியும் கேட்கப்படுகிறது.

குழப்பம் குறிக்கும் பிற ஆங்கிலத் தொடர்களோடு வைத்துப் பார்த்தால் இதன் தனித்தன்மை புலனாகும். 'டாப்சி டர்வி' என்பது மேலது கீழாகப் புரண்டமையைக் காட்டும். நம் 'தலைகீழ்' அதற்கு நேர். 'ஹிகில்டி பிகில்டி' என்பது பொருள்கள் கண்டபடி குவிந்து கிடத்தலைக் காட்டும் இரட்டைக் கிளவி போல்வது. 'கன்னாபின்னா' என்னும் நம் பேச்சுவழக்கு அதன் உடன்பிறப்பு எனலாம். 'ஆல் அட் சீ' என்பது கரை காணாக் கடலில் அகப்பட்டான் ஒருவனது மனநிலை. நம் தொடரோ புரண்டதையும் காட்டாது, குவிந்ததையும் காட்டாது. கவனிப்பார் இன்மையால் நேர்ந்த ஒழுங்கின்மை என்னும் குறிப்பு அதனுள் மெல்லிதாக ஒலித்துக்கொண்டே இருக்கும். இக்குறிப்பு எங்கிருந்து வந்தது என்பது பின்னர் விளங்கும்.

இத்தொடரில் எண்களின் முறையை மாற்றுதல் இயலாது. ஏழு முன்னும் ஆறு பின்னுமாகச் சொன்னால் குழப்பப்பொருள் மறைந்துவிடும். பிரித்தானிய நாணயம் 1971-இல் பதின்ம முறைக்கு மாறும் வரை, 'செவன் அண்ட் சிக்ஸ்' எனக் கேட்ட ஆங்கிலேயர்க்கு ஏழு ஷில்லிங் ஆறு பென்சு என்னும் விலையே நினைவுக்கு வந்திருக்கும். எண்களைப் பிரித்துக் கூறுதலும் மரபன்று. ஆயினும் மரபை வேண்டுமென்றே பிறழவைத்து நகை விளைத்தார் ஒருவர் உண்டு. கில்பர்ட் பாட்டெழுத, சல்லிவன் இசையமைத்து, 1878-இல் இலண்டனில் அரங்கேறிய 'எச்.எம்.எஸ். பினஃபோர்' என்னும் இசை நாடகத்தில், கப்பல் தலைவன் நிலவை விளித்துத் தன் துயரை முறையிடுகிறான். எல்லாம் ஆறிலோ அன்றி ஏழிலோ கிடப்பது ஏன் என அவன் வினவுமாறு கில்பர்ட் அமைத்தார். 'உம்' நிற்க வேண்டிய இடத்தில் 'ஓ' வந்தமையால், செத்துக் கிடந்த எண்கள் இரண்டும் திடுமென உயிர்பெற்று எழுந்துவிடுகின்றன. மரபுத்தொடர் எத்துணை இறுகியது என்பதை அதனை உடைத்துக் காட்டியவரே நமக்கு உணர்த்துகிறார்.

இனி இதன் பிறப்பு. இலண்டன் மாநகரில் இதற்கு வழங்கும் கதை மிகச் சுவையானது. பலரும் அதனையே நம்புகின்றனர். இடைக்கால இலண்டனில் தொழில்தோறும் வணிகர் கூடி அமைத்த குழுக்கள் பல இருந்தன. அவற்றுள் தையல் வணிகர் குழுவும் மென்மயிர்த்தோல் வணிகர் குழுவும் 1327-இல், சில நாள் இடையீட்டில், அரசுரிமைப் பட்டயம் பெற்றன. ஆதலின் மாநகரப் பவனிகளில் எக்குழு முன் செல்வது என்பது பற்றி இரண்டனுக்கும் இடையே பூசல் நிகழ்ந்தது. அது குருதி சிந்தும் அளவுக்கு முற்றியது. 1484-இல் மாநகர முதல்வராயிருந்த ராபர்ட் பில்லெஸ்டன் இதற்கு ஒரு தீர்ப்பளித்தார். ஓராண்டு ஒரு குழு ஆறாம் இடத்திலும் மற்றது ஏழாம் இடத்திலும் செல்வது. அடுத்த ஆண்டு அவ்விடங்கள் மாறுவது. ஒரு குழுவின் தலைவர்களை மற்றக் குழுவினர் ஆண்டுதோறும் தம் மண்டபத்துக்கு அழைத்து விருந்தளிப்பது. 1515-இல் குழுக்கள் நாற்பத்தெட்டின் வரிசை முறையாக வகுக்கப்பட்ட பின்னும் இவ்வேற்பாடு மாறவில்லை. இந்நாளிலும் அவ்விரு குழுக்களும் ஆண்டுக்காண்டு இடம் மாறிக்கொண்டே வருகின்றன. ஆறா ஏழா என்னும் இவ்வழக்கிலிருந்தே தொடர் பிறந்தது என்பர்.

ஐந்நூறு ஆண்டு கடந்தும் இருசாராராலும் போற்றப்படும் இத்தீர்ப்பு உண்மையில் வியத்தற்குரியது. எனினும் தொடரின் பிறப்புக்கு இதனைக் காரணமாகக் கொள்ளல் ஆகாது. சாசர் 1400-இல் மறைந்தார். தீர்ப்புக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், 1380-களில் அவர் இயற்றிய 'டிராய்லசும் கிரிசெய்டும்' என்னும் காப்பியத்தில் இத்தொடர் ஆளப்பட்டுள்ளது. தீர்ப்பு 1484-இல் தோன்றினும் பூசல் அதற்கு முன்பே இருந்திருக்கலாமன்றோ, அப்பூசலைச் சாசர் அறிந்திருக்கலாமன்றோ என வினவுவார் உளர். இலண்டனில் வாழ்ந்தவரே சாசர். ஆதலின் காலக் கணக்கு ஒன்றனை மட்டும் கொண்டு இவ்வினாவை முற்றும் தள்ளிவிட இயலாது. இங்குத்தான் தொடரில் நிற்கும் வினைச்சொல் நமக்குத் துணை செய்கிறது. கதையைச் சொல்வோர் அனைவரும் எண்களையே நோக்கினர், வினையை நோக்கவில்லை.

சாசரின் காப்பியத்தில் நான்காம் பகுதியில் இத்தொடர் வரும் சூழல் இது. திராய் நகரத்து அவையினர், பகைவர் கையில் சிறைப்பட்ட ஆன்டெனோர் என்பானை மீட்டற்பொருட்டு, கிரிசெய்டு என்பாளைக் கிரேக்கரிடம் ஒப்படைக்க உடன்படுகின்றனர். அவளை உயிரினும் மேலாகக் காதலித்த இளவரசன் டிராய்லஸ் செய்வதறியாது அரற்றுகிறான். கிரிசெய்டின் சிற்றப்பன் முறையினனும் டிராய்லசின் தோழனும் ஆகிய பாண்டரஸ் அவனைத் தேற்றி, அவளைக் கவர்ந்து செல்லுமாறு தூண்டுகிறான். ஊர் என்ன சொல்லும் என அஞ்ச வேண்டா. ஆண்மையோடு உலகனைத்தையும் ஆறு ஏழின் மேல் வைத்துவிடு. இறக்க நேர்ந்தால் மேலுலகம் புகுவாய் என்பது அவன் அறிவுரையின் கருத்து. இங்கே ஆளப்பட்ட வினை 'வைத்தல்' என்பது. அதன்பின் வரும் இடைச்சொல் 'மேல்' என்னும் பொருட்டு. ஒன்றை ஒன்றின்மேல் வைத்தல் என்பது சூதாடு களத்துச் சொல். நாம் பணயம் 'வைத்தல்' என்று கூறுவதும் அதே வினையன்றோ? பவனி வரிசையில் இடம் பெறுவார் 'வைப்பது' ஒன்றும் இல்லை. பாண்டரஸ் கூறுவது உலகைக் குழப்புக என்பதன்று. உள்ளது அனைத்தையும் பணயமாக வைத்து ஆடிப்பார் என்பதே. மேலே காட்டிய மாணவரின் மொழிபெயர்ப்பு எங்கே வழுவிற்று என்பது இப்போது தெளிவாகும்.

சூது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆறும் ஏழும் ஏன்? பகடைக்கு முகங்கள் ஆறே. எதிரெதிர் முகங்களின் புள்ளிகளைக் கூட்டினால் ஏழு வருமேயன்றி, ஏழு புள்ளி கொண்ட முகம் ஒன்று இல்லை. இல்லாத எண்ணின்மேல் பணயம் வைத்தல் பேதைமை. அப்பேதைமையே தொடரின் உட்பொருள் என விளக்குவாரும் உளர். இடைக்கால ஆங்கில நாட்டில் பரவியிருந்த 'ஹசார்ட்' என்னும் ஆட்டம் பகடை இரண்டு கொண்டு ஆடப்பட்டது. அதில் ஆறும் ஏழும் கூட்டுத்தொகைகளாக விழத்தக்கன. அங்ஙனமாயின் ஆறும் ஏழும் என்றது கூட்டுத்தொகைகளையோ எனின், அதற்குக் கணக்கு இடந்தரவில்லை. பகடை இரண்டு முப்பத்தாறு வகையில் விழக்கூடும். அவற்றுள் ஆறு வருவன ஐந்து, ஏழு வருவன ஆறு. ஆக முப்பத்தாறில் பதினொன்று. எல்லாத் தொகைகளுள்ளும் மிகுதியாக விழுவது ஏழு. அதற்கு அடுத்த நிலையில் நிற்பன ஆறும் எட்டும். இவற்றின்மேல் பொருள் வைப்பவன் முன்பின் பாராத துணிவினன் அல்லன். சூதாடிகளுள் அவனே சற்று அறிவுடையவன்! பாண்டரஸின் அறிவுரைக்கு இது பொருந்தவில்லை.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி வேறொரு வழி காட்டுகிறது. பகடையின் முகங்களுக்கு ஆங்கிலச் சூதாடிகள் தம் எண்ணுப்பெயர்களை வழங்கவில்லை. பிரெஞ்சுப் பெயர்களையே வழங்கினர். ஒன்று 'ஏஸ்', இரண்டு 'டியூஸ்', மூன்று 'ட்ரே', நான்கு 'கேட்டர்', ஐந்து 'சிங்க்', ஆறு 'சைஸ்' என்பன அவை. உயர்ந்த எண்கள் ஆகிய சிங்க்கின்மேலும் சைஸின்மேலும் அனைத்தையும் வைத்தல் என்பதே, விளையாட்டாகவோ அறியாமையாலோ திரிந்து, 'சிக்ஸ்' என்றும் 'செவன்' என்றும் ஆகியிருத்தல் வேண்டும் என அவ்வகராதியார் கருதுகின்றனர். நான்கு சொற்களும் சகர ஒலியில் தொடங்குதல் காண்க. பகடை இரண்டில் ஒன்று ஐந்தாகவும் மற்றது ஆறாகவும் விழுதல் முப்பத்தாறில் இரண்டே முறை நிகழும். இதன்மேல் உலகையே வைப்பவன் மெய்யாகவே துணிவுடையவன். கணக்கு இவ்விளக்கத்துக்கு அரண் செய்கிறது.

எனினும் ஒரு தடை உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. சாசர் பகடைப் பெயர்களை நன்கறிந்தவர். 'கேன்டர்பரி கதைகள்' என்னும் தம் நூலில் துறவி கூறும் கதையிடத்து, அலெக்சாந்தரின் நற்பேறு கெட்டமையைச் 'சைஸ்' 'ஏஸாக' மாறிற்று எனச் சூதாட்டச் சொல்லாலேயே உணர்த்துகிறார். மன்னிப்புச் சீட்டு விற்போன் கூறும் கதையில் சூதாடிகள் பேசுமிடத்தில், பகடை முகங்களைப் பிரெஞ்சுப் பெயராலும் ஏழு என்னும் தொகையை ஆங்கிலப் பெயராலும் குறிக்கிறார். இத்துணை நுட்பமாக வேறுபடுத்திய புலவர் 'சிங்க், சைஸ்' எனற்பாலதைச் 'சிக்ஸ், செவன்' எனத் தாமே திரித்தார் என்று கொள்ளுதல் பொருந்தாது. திரிபு அவர்க்கு முன்னரே மக்கள் வாயில் நிகழ்ந்திருக்க, வழக்கில் இருந்த தொடரை அவர் எடுத்தாண்டார் எனக் கொள்வதே தக்கது. பாண்டரஸ் அதனை ஒரு விளக்கமும் இன்றிப் போகிற போக்கில் கூறுவதும், கேட்போர் முன்னரே அறிந்த தொடர் அது என்னும் கருத்துக்குத் துணையாகிறது.

விவிலியத்தில் யோபு ஆகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஆறு இடுக்கண்களும் ஏழும் அடுத்தடுத்துப் பேசப்படுதலால் தொடர் அங்கிருந்து வந்தது என்பாரும் உண்டு. ஓர் எண்ணையும் அதனின் ஒன்று மிக்க எண்ணையும் அடுத்தடுத்த அடிகளில் வைப்பது எபிரேயச் செய்யுள் மரபு. அது கடவுள் காப்பு உறுதியை மிகுத்துக் காட்ட வந்ததேயன்றிக் குழப்பத்தையோ சூதையோ காட்ட வந்ததன்று. ஆறும் ஏழும் கூடிப் பதின்மூன்றாதலின் தீக்குறி என்பது வெறுங்கற்பனை.

சொல்லின் பொருட்காரணம் நோக்கிய அளவில் விளங்கத் தோன்றாது என்னும் கருத்தைத் தொல்காப்பியர் உரியியலில் கூறினார். காரணம் இல்லை என்று அவர் கூறவில்லை. விளங்கத் தோன்றாது என்றே கூறினார். நம் தொடரில் சூது என்னும் காரணம் மறைந்து குழப்பம் என்னும் பொருள் மேலெழுந்தது எப்போது என வினவினால், ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்டு' நாடகம் விடை தருகிறது. 1597-இல் அச்சேறிய அந்நாடகத்தின் இரண்டாம் அங்கம் இரண்டாம் களத்தில், மன்னன் அயர்லாந்துக்குப் போர்மேற் சென்றிருக்க, நாட்டைக் காக்கும் பொறுப்பு முதியவராகிய யார்க் கோமகன்மேல் விழுகிறது. நாடு கடத்தப்பட்ட போலிங்புரோக்கு படையுடன் மீண்டு கரையிறங்கிவிட்டான். பிரபுக்கள் அவன்பக்கம் சாய்கின்றனர். கருவூலத்தில் பொருள் இல்லை. உறவினர் இறந்த செய்தி வேறு வந்து சேர்கிறது. எதை முதலிற் செய்வது எனத் தெரியாத கோமகன், எல்லாம் ஆறிலும் ஏழிலும் விடப்பட்டுள்ளன எனப் புலம்பி வெளியேறுகிறார்.

இங்கே 'வைத்தல்' போய் 'விடப்படுதல்' வந்துவிட்டது. 'மேல்' என்னும் இடைச்சொல் இருந்த இடத்தில் 'இல்' என்னும் பொருளுடைய இடைச்சொல் வந்துவிட்டது. முன்னது செய்வினை, அதற்கு ஓர் எழுவாய் உண்டு, அவன் துணிந்து வைக்கிறான். பின்னதில் வைத்தவனைக் காணோம். வைக்கப்பட்ட பொருளே எழுவாயாகிவிட்டது. ஒருவன் தன் உடைமை அனைத்தையும் பகடையின்மேல் வைத்துவிட்டான் எனக் கொள்வோம். அவன் நோக்கில் அது துணிவு. அவன் மனைவி மக்கள் நோக்கில் அஃது என்ன? காப்பாரற்று நற்பேற்றின் கையில் விடப்பட்ட நிலை. காப்பாரற்றவை நாளடைவில் சீர்குலையும். பொருள் இவ்வாறு வைப்பவன் பக்கத்திலிருந்து வைக்கப்பட்டவற்றின் பக்கத்துக்கு இடம்பெயர்ந்தது, துணிவு கவனியாமையாயிற்று, கவனியாமை சீர்குலைவாயிற்று. யார்க் கோமகன் கூற்றில் இவை ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. மன்னன் நாட்டைப் பணயமாக வைத்துப் போனான் என்றும் கொள்ளலாம்; கவனியாது போட்டுப் போனான் என்றும் கொள்ளலாம்; நாடு குலைந்து கிடக்கிறது என்றும் கொள்ளலாம். உரைகாரர் பலர் மூன்றாவதை மட்டும் கூறி அமைகின்றனர். முன்னவை இரண்டும் அக்கூற்றின் அடியில் ஓடுகின்றன என்பதே எம் துணிபு. இக்காலத் தொடரில் கவனிப்பார் இன்மை என்னும் குறிப்பு ஒலிப்பதாக மேலே கூறினோமே, அதன் ஊற்று இதுவே.

'விடப்பட்டது' என்னும் வினை நெடுங்காலம் தொடரைப் பற்றி நின்றது. பிரான்சிஸ் குரோஸ் என்பார் 1785-இல் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில், அறைகலன்கள் சிதறிக் கிடக்கும் அறையையும் முடிவுறாது விடப்பட்ட அலுவலையும் பற்றி இத்தொடர் வழங்குவதாகக் குறிக்கிறார். அவர் தரும் வடிவிலும் அவ்வினை உண்டு. எண்களும் அவர் காலத்தில் பன்மையேற்றுவிட்டன. சாசரிடத்தும் ஷேக்ஸ்பியரிடத்தும் ஒருமையாக நின்ற எண்கள் பன்மையானதற்குக் காரணம், சூது மறந்துபோனமையே எனலாம். பகடையில் விழும் ஆறு ஒன்று. பொருள் மறந்த ஆறு எத்தனையாகவும் இருக்கலாம். பின்னர் 'விடப்பட்டது' என்பதும் உதிர்ந்து, வெறும் 'இருக்கிறது' என்பதே போதுமானதாயிற்று.

இடையே ஒரு செய்தி. சாசர் இத்தொடரைச் செய்யுள் பத்தியின் ஈற்றிரண்டடியில், 'செவன்' என்பதற்கு 'ஹெவன்' இயைபாகும்படி அமைத்துள்ளார். ஷேக்ஸ்பியரும் யார்க்கின் கூற்றை இயைபுத்தொடையால் முடிக்கிறார். கில்பர்ட்டின் கப்பல் தலைவன் பாட்டிலும் 'ஹெவன்ஸ்' 'செவன்ஸ்' என்னும் இயைபே வருகிறது. ஐந்து நூற்றாண்டு இடையீட்டில் இயற்றிய புலவர் மூவரும் ஏழை அடியின் இறுதியிலேயே வைத்தமை எண்ணத்தக்கது. ஆங்கிலத்தில் ஏழோடு இயையும் சொற்கள் மிகச் சில. அச்சிலவற்றுள் வானுலகைக் குறிக்கும் சொல் ஒன்றாக இருப்பதால், பாட்டில் இத்தொடர் அடிக்கடி அழைக்கப்பட்டது போலும். மறைந்துபோகற்பால தொடர்கள் சில யாப்பினால் உயிர் பிழைத்தல் நம் மொழியிலும் உண்டு.

சூதாட்டச் சொல் துன்பப்பொருள் ஏற்றல் ஆங்கிலத்தில் இது ஒன்றே அன்று. மேலே கூறிய 'ஹசார்ட்' என்னும் ஆட்டத்தின் பெயரே இந்நாளில் இடர் என்னும் பொருளில் வழங்குகிறது. ஆட்டத்தை அறிந்தார் அருகிவிட்டனர். வடமொழிக் கலியின் வரலாறும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. கிருதம், திரேதம், துவாபரம், கலி என்பன ஆதியில் பகடை வீழ்ச்சியின் பெயர்கள். அவற்றுள் தோல்விக்குரியது கலி. அதுவே பின்னர் அறம் குன்றிய ஊழியின் பெயராயிற்று. நளன் கதையில் அவனைப் பற்றிச் சூதாடச் செய்யும் தெய்வத்தின் பெயருமாயிற்று. கலிகாலம் என வாய்ப்பேச்சாகச் சொல்லும் நம்மவருள் பகடையை நினைப்பார் யார்? அங்ஙனமே வீடு 'ஆறுகளிலும் ஏழுகளிலும்' கிடக்கிறது எனச் சலித்துக்கொள்ளும் ஆங்கில மாதும் பகடையை நினைப்பதில்லை.

இனித் தமிழில் இதனை எங்ஙனம் பெயர்ப்பது? எண்களை அப்படியே கொள்ளல் இயலாமைக்குத் தமிழிலக்கணமே காரணம். தமிழில் 'ஆறேழு' என்பது ஏழெட்டு, பத்துப்பன்னிரண்டு என்பன போல, ஆறாதல் ஏழாதல் என்னும் துணிவில் தொகையைக் குறிக்கும். ஈரேழு உலகம், ஆறாறு தத்துவம் என்பவற்றைப் போலப் பெருக்கலாகக் கொள்ளின் நாற்பத்திரண்டு ஆகும். எவ்வாற்றானும் அதனிடத்துக் குழப்பம் என்னும் பொருள் பிறவாது. ஆங்கிலத்தில் எண்கள் மரித்துவிட்டமையால் வேறு பொருள் வந்து குடிபுகுந்தது. தமிழில் அவ்வெண்கள் உயிரோடிருத்தலின் இடங்கொடா.

ஆகவே இடம் நோக்கிச் சொல் தெரிதல் வேண்டும். வீடும் அறையும் பற்றி வரின் 'அலங்கோலமாகக் கிடந்தது' என்பது முற்றும் பொருந்தும். கவனிப்பின்மைக் குறிப்பும் 'கிடந்தது' என்பதில் அமைந்துவிடும். நிருவாகமும் கணக்கும் பற்றி வரின் 'தாறுமாறு', 'குளறுபடி' என்பன ஏற்கும். ஒருவர் தம் மனநிலை கூறுமிடத்தில் 'தலைகால் தெரியவில்லை' என்றல் கூடாது. அது தமிழில் பெரும்பாலும் மகிழ்ச்சி மிகுதிக்கும் செருக்குக்கும் உரியதாகிவிட்டது. 'ஒன்றும் பிடிபடவில்லை', 'திகைத்து நிற்கிறேன்' என்பனவே தகும். முரண் குறித்து வரும் இடம் சற்றே கடினமானது. டிம் ரைஸ் எழுத 1976-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய அர்ஜென்டினா பற்றிய இசைப்பாடலில், எவிட்டா தன் மக்களை நோக்கிப் பாடும்போது இம்மூன்றாம் பொருளில் இத்தொடர் வருகிறது. ஒப்பனையின் நிறைவைக் குறிக்கும் ஒன்பது என்னும் எண்மரபு ஒன்றும் அதனருகில் வைக்கப்பட்டுள்ளது. அங்கே 'உங்களோடு ஒட்டாமல்' என்பது பொருள் தருமேனும் எண்களின் விளையாட்டு போய்விடும். அதனைத் தமிழில் கொணர எம்மால் இயலவில்லை. கொணர்வார் உளராயின் மகிழ்வோம்.

ஷேக்ஸ்பியரின் யார்க்குக்கு 'கேட்பாரற்றுக் கிடக்கின்றன' என்பதே எம் தேர்வு. நேர்ப்பொருளாகிய 'குழம்பிக் கிடக்கின்றன' என்பதனைவிட அது மன்னனது பிழையையும் தொட்டுக்காட்டுகிறது. குழப்பத்தை விளக்கச் சுற்றியுள்ள அடிகளே போதும். சாசரிடத்திலோ குழப்பம் என்னும் சொல்லுக்கே இடமில்லை. கவறு, பணயம், சூது என நம்மிடம் பழஞ்சொற்கள் நிறைய உள. வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த பொருள் அது. 'உலகையே பணயமாக வைத்து ஆடு' எனப் பாண்டரஸ் கூறுவதாக எழுதலாம். அம்மாணவரும் தம் மொழிபெயர்ப்பின் இரண்டாம் படியில் இவ்வாறே திருத்திக்கொண்டார். ஆயின் 'உலகையே' என்பதைவிட 'உள்ளதெல்லாம்' என்பது சிறவாதோ என ஓரத்தில் ஒரு வினாவும் எழுதி அனுப்பியிருந்தார்.